கடிதம் எழுதாத நேயர்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் அப்பா வானொலிக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்து வீட்டில் நாற்பது வருஷம் பட்டு நெய்தார். அந்த நாற்பது வருஷமும் அவர் தலைக்கு மேலே பரண் விளிம்பில் ஒரு ரேடியோ இருந்தது. முதலில் மரப்பெட்டி, பிறகு தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். எந்த நிலையத்தின் தபால் பையிலும் அவர் கையெழுத்து போய்ச் சேர்ந்ததில்லை. நேயர் விருப்பத்தில் அவர் பெயரை யாரும் வாசித்ததில்லை. இப்படி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எந்த அறிவிப்பாளருக்கும் தெரிய வழியில்லை. பின்னாளில் நானே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பிழைத்தேன். பேசும்போதெல்லாம் அவரை நினைத்துத்தான் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பல வருஷம் அவரை மறந்துவிட்டுத்தான் பேசினேன். அதையும் இன்று சொல்லியாக வேண்டும்.

வானொலியில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள உறவு இந்தக் காலத்தில் என்னவாகி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் கேட்கிறவர் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அதுவும் தறிப் பக்கத்திலிருந்து.

இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தறியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் கால் இரண்டும் மிதியில், கை இரண்டும் குறுக்கிழை ஓட்டும் நாடாவிலும் பலகையிலும், கண் இழையில். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. பள்ளி விடுமுறையில் நான். உடம்பில் வேலை இல்லாமல் மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதை அப்பா வானொலிக்குக் கொடுத்திருந்தார்.

பிடிக்காத நிகழ்ச்சி வந்தாலும் எழுந்து போய் நிலையத்தை மாற்ற மாட்டார். எழுந்தால் ஓட்டம் கெட்டுப்போகும். அந்த நேரத்தில் யார் பேசுகிறாரோ அவர் பேசுவதுதான் அவருக்கு. காலை 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி தொடங்கும் முன் குழியில் இறங்கிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு. செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல்தான் எங்கள் வீட்டுக்குக் கடிகார மணி. ஐப்பசி கார்த்திகையில் வானிலை அறிக்கை வந்தால் வீடே அமைதியாகும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு இழையை நீட்ட முடியாது, குழியில் நீர் ஊறும், ஈரத்தில் பட்டு ஓடாது. ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால் காஞ்சிபுரம் அந்த ஓரிரு இடத்தில் வருமா வராதா என்று அம்மா அப்பாவைக் கேட்பாள். அப்பா மேலே பெட்டியைப் பார்ப்பார், ஏதோ அது பதில் சொல்லும் என்பது போல.

வானொலிக்காரர்கள் கேட்பவருக்கு ‘நேயர்’ என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகைக்கு வாசகர் உண்டு, நாடகத்துக்குப் பார்வையாளர் உண்டு. அந்தப் பெயர்கள் ஆள் செய்கிற வேலையைச் சொல்கின்றன. கேட்பவரை மட்டும் நேயம் உள்ளவர் என்று அழைத்தோம். அன்பு இருக்கிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குகிற சொல் அது. இப்போது சந்தாதாரர் என்கிறோம், ஃபாலோயர் என்கிறோம், பயனர் என்கிறோம். சொல் மாறியதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னையில் வானொலிச் சங்கம் தொடங்கினார். பணமில்லாமல் மூன்றே வருஷத்தில் அது நின்றது. பிறகு சென்னை மாநகராட்சி சிறிது காலம் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், அடுத்த ஆண்டு திருச்சி நிலையம். நான் நின்று பேச விரும்புவது கொழும்பு வானொலியைப் பற்றி.

1952இல் பொறுப்பேற்ற தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. தமிழ்நாட்டுக் காதெல்லாம் கடலைத் தாண்டி இலங்கைக்குத் திரும்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் கொழும்பை விட்டு ஊர் திரும்பவில்லை. ஏன்? பாட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பேசிய விதம் வேறு. எஸ்.பி. மயில்வாகனம், பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா. இந்த அறிவிப்பாளர்களின் பெயர்களைச் சொன்னதும் முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது பாருங்கள். ராஜாவின் வேகம் ஓடுகிற ரயில் மாதிரி, ஒரு சொல்கூடத் தடம் புரளாது. ஹமீத் ழகரத்தைச் சொல்லக் கேட்டுத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் நாங்கள் ழகரம் பழகினோம். பள்ளிக்கூடத்தில் பழகவில்லை.

அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று எனக்குப் பல வருஷம் புரியாமலிருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, விரும்பிக் கேட்ட பாடல் என்று தினம் வரிசையாகப் பெயர்களை வாசிப்பார்கள். யாழ்ப்பாணம், சாவகச்சேரி, மன்னார், மட்டக்களப்பு, வவுனியா என்று ஊரும், இன்னாருடைய அப்பா, அம்மா, அம்மம்மா என்று உறவும் நீண்டுகொண்டே போகும். முகம் தெரியாத ஒரு குழந்தையின் பிறந்தநாளை காஞ்சிபுரத்தில் தறியில் இருக்கிற ஒருவர் எதற்காகக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அப்பா கேட்பார். “அம்மம்மான்னா அம்மாவைப் பெத்தவங்கடா” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து வேறு விதமான செய்திகள், தமிழர்கள் தாக்கப்பட்ட செய்திகள், வரத் தொடங்கியபோது, அந்த ஊர்கள் எங்கள் வீட்டுக்கு வரைபடத்துப் புள்ளிகளாக இல்லை. அங்கே எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் குழந்தைக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்று ஓரளவு தெரிந்த ஊர்கள். அன்று சாயங்காலம் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் குழியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுதியவருக்காக வாசித்த பெயர்கள், எழுதாதவரிடம் போய் இப்படி ஒரு நெருக்கத்தை உண்டாக்கியிருந்தன. கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் தெருவில் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் போனதுபோலத்தான்.

இன்னொரு குரல் நம் பக்கத்துக் குரல். தென்கச்சி கோ. சுவாமிநாதன். காலையில் ‘இன்று ஒரு தகவல்’. கச்சி என்பது காஞ்சிக்குப் பழைய பெயர் அல்லவா? அந்தப் பெயரை வைத்து அப்பா அவரை நம்மூர்க்காரர் என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். ஊர் அரியலூர்ப் பக்கம் தென்கச்சிப் பெருமாள் நத்தம் என்று நான் சொன்ன பிறகும், “இருக்கட்டும், பேர்ல கச்சி இருக்குதில்ல” என்றார்.

தென்கச்சியார் விவசாயம் படித்தவர். வேளாண் நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் வந்தவர். இதை முக்கியமாக நினைக்கிறேன். பண்ணை நிகழ்ச்சிக்காரர் வயலுக்குப் போய் வரப்பில் நின்று, வாய் திறந்து பேசத் தயங்குகிற ஒரு விவசாயியிடம் பேச்சு வாங்க வேண்டும். அந்த மனிதர் பேசுகிற வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவரின் வேகம் அவர் பேச்சில் இருந்தது. ஒரு சின்னக் கதை, ஒரு நிறுத்தம், கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் அவர் சிரிக்க மாட்டார், நமக்கு விட்டுவிடுவார். அந்த நிறுத்தத்தில் அப்பாவின் நாடா ஒருமுறை போய் ஒருமுறை திரும்பும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். 2009 செப்டம்பர் 16 அன்று அவர் காலமானார். அப்பா அப்போது நெய்வதை நிறுத்திவிட்டிருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு, “தினம் காலையில வீட்டுக்கு வந்துட்டுப் போன மனுஷன்” என்றார். தொலைக்காட்சியிலும் அவர் பேசியது உண்டு. அப்பா அதைப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தது குரல்தான்.

வேளாண் நிகழ்ச்சியைத் தொட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற புது நெல் பரவியபோது விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். திருச்சி வானொலி சொல்லிக் கேட்டு விதைத்த நெல் என்பதால். ஒரு குரலை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைத்தார்கள். இதைவிடப் பெரிய நேயர் கடிதம் எந்த நிலையத்துக்கும் வந்திருக்காது.

கடிதத்தைப் பற்றியும் பேச வேண்டும். லண்டன் பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை வானொலியாக ஒலித்தது. சீன வானொலித் தமிழ்ப் பிரிவும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நேயர் மன்றங்களையே உண்டாக்கின. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும், சில நாள் இரைச்சல் மட்டும்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டே இன்ன தேதி, இன்ன நிகழ்ச்சி, இன்ன தெளிவில் கேட்டது என்று எழுதி அனுப்புவார்கள். அதற்கு ஒரு நாள்காட்டியோ வாழ்த்து அட்டையோ வரும். அந்தக் காலத்து அறிவிப்பாளர் ஒரு கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார், எழுதியவரும் பதிலுக்கு அப்படியே காத்திருந்தார். தாமதம் என்று இப்போது நாம் சொல்வதற்குள்தான் அந்த மரியாதை இருந்தது. ஒருவர் சொன்னதை மனதில் வைத்துப் படுத்து, எழுந்து, பிறகு பதில் சொன்னார்கள்.

பிறகு தொலைபேசி வந்தது. 1977இலேயே சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியிருந்தாலும், பண்பலை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் நிலையங்கள் வந்த பிறகுதான். சென்னையின் அலை காஞ்சிபுரம் வரை எட்டியது. நேயர் முதன்முறையாகத் தன் குரலிலேயே வானொலியில் பேசினார். இது பெரிய காரியம், இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சமையலறையிலிருந்து ஒரு பெண், ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஒரு அண்ணன், தன் பெயரைத் தானே சொன்னார்கள்.

ஆனால் எதைப் பற்றிப் பேசினார்கள்? வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. 2011 கொள்கைப்படி அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். சாக்கடை அடைத்திருக்கிறது, பட்டு விலை ஏறியிருக்கிறது, கூலி ஏறவில்லை என்று ஒரு நேயர் பேசத் தொடங்கினால் அறிவிப்பாளருக்கு வியர்க்கும். ஆக மிஞ்சியது சினிமாவும் காதலும் போக்குவரத்து நெரிசலும். அமெரிக்காவில் நேர் எதிர். இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா என்பவர் நாடு முழுக்கக் கேட்கிற அரசியல் பேச்சாளரானார். அங்கே பேச்சாளரின் கோபமே நிகழ்ச்சி, கூப்பிடுகிறவர் அந்தக் கோபத்துக்கு விறகு. இரண்டு நாட்டிலும் கூப்பிட்டவரின் பேச்சு நிகழ்ச்சிக்குத் தேவையான அளவில்தான் வெட்டப்பட்டது. ஒன்றில் சட்டம் வெட்டியது, மற்றதில் வியாபாரம்.

நானும் வெட்டியிருக்கிறேன். ஒரு நிலையத்தில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். உற்சாகமாகக் கத்துகிறவர்களை மட்டும் ஒலிபரப்பில் இணைக்கச் சொன்னார்கள். இருபது வினாடிக்கு மேல் யாரும் பேசக் கூடாது. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். காஞ்சிபுரம் என்றார். அவர் பேச்சுக்குப் பின்னால் தறியின் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது? “தம்பி, ஒண்ணு சொல்லணும்” என்று மெதுவாகத் தொடங்கினார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாவது வினாடியில் “சூப்பர் அய்யா, என்ன பாட்டு வேணும்?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த இடைவெளி ஒலிபரப்பில் விழக் கூடாது என்று நானே ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். எழுந்து வந்து தொலைபேசியை எடுக்க அவர் தறியை நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது மனைவியை நெய்யச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். என் அப்பா வாழ்நாளில் செய்யாத காரியத்தை அவர் செய்தார். அதற்கு நான் கொடுத்தது அது. அந்த வருஷக் கடைசியில் அந்த வேலையை விட்டேன். விட்டதால் அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது நம் தெருக்களில் என்ன நடக்கிறது? பரண் விளிம்பில் ரேடியோ இல்லை. தறிக் கம்பத்தில் ஒரு சின்ன ப்ளூடூத் பெட்டி தொங்குகிறது, கைப்பேசியிலிருந்து யூடியூப் ஓடுகிறது. பாட்காஸ்ட் கேட்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள், எனக்கு மகிழ்ச்சி. ஆனால் போன மாதம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அருமையான ஒரு வரலாற்றுப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் விளம்பரம் வந்தது. அந்த அம்மா நாடாவை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, கைப்பேசியை எடுத்து, தவிர்க்கும் பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடி இழையைப் பிடித்தார். ஒரு மணி நேரத்தில் நாலு முறை. நாலாவது முறை அழுத்தாமல் விட்டுவிட்டார், விளம்பரம் முழுவதும் ஓடியது. இந்தக் கருவி கண்ணையும் விரலையும் கேட்கிறது. அவை இரண்டையும் சேலைக்குக் கொடுத்தாகிவிட்டது. லைக் போடுங்கள், கமெண்ட் எழுதுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள் என்று பேச்சாளர் கெஞ்சும்போதெல்லாம் அந்த அம்மா எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சாளரின் கணக்கில் அவர் ஈடுபாடு இல்லாதவர். நாள் முழுக்கக் கேட்கிறார், ஈடுபாடு பூஜ்யம்! எனக்கு இது ஆறவில்லை.

தம்பிகளே, உங்களில் ஆர்ஜே ஆக வேண்டும் என்று சிலர் என்னிடம் சொன்னீர்கள். உங்களுக்குக் கருத்துகள் உடனே வரும், எண்ணிக்கை உடனே தெரியும். அந்த எண்ணிக்கை உங்களிடம் பேசியவர்களின் எண்ணிக்கை. உங்களை வளைப்பவர்களும் அவர்களே. நாலு பேர் திட்டினால் பேச்சு மாறும், நாற்பது பேர் கை தட்டினால் அதையே மறுபடி சொல்லத் தோன்றும். கொழும்புக் குரல்களும் தென்கச்சியாரும் இதிலிருந்து தப்பித்தது குணத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை. அதனால் எழுதாதவர்களையும் மனதில் கற்பனை செய்துகொண்டு பேச வேண்டியிருந்தது. நீங்கள் அதை வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கும். கடினம்தான்.

ஊருக்கே பொதுவான ஒரு குரல் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு, 2019இல் நம் ஊர்க் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளிய நாட்களை நினைத்துப் பாருங்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அதற்கு முன் 1979. அப்போது பெரும்பாலும் வானொலியும் நாளிதழும்தான் செய்தி. 2019இல் ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. எந்த வாசல் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், முதியவர்களை இன்று அழைத்து வரலாமா என்று ஆளுக்கொரு தகவல் சுற்றியது. ஜூலை 18 அன்று நெரிசலில் நாலு உயிர் போனது. ஊருக்கென்று ஒரு குரல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து ஒரு பாட்டி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, “யார் சொல்றதைப்பா நம்பறது?” என்று கேட்டார். கையில் மூன்று கைப்பேசி வைத்திருந்த பேரப்பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஊருக்கென்று ஒரு குரல் இருக்கிற இடமும் உண்டு. பாம்பனில் 2016இலிருந்து ‘கடல் ஓசை’ என்று ஒரு சமுதாய வானொலி நடக்கிறது. மீனவர்களுக்காக, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பேசுகிற நிலையம். காற்று எப்படி, அலை எப்படி, இன்று கடலுக்குப் போகலாமா என்று சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் மாலையில் கடற்கரையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே மணலில் நடக்கிறார்கள். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கிற சக்தி 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். பெரிய நிலையக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காஞ்சிபுரத்துக்கு எவ்வளவு தூரம் வேண்டும்? பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரை, சுற்றிலும் தறி இருக்கிற ஊர்கள் வரை. போதும். விளம்பரம் வந்தால் கையைத் துடைக்க வேண்டியதில்லை. அரசியல் செய்தி சொல்ல விதி விடாது. ஆனால் மழை வருமா என்று சொல்லலாம், பாவு நீட்டலாமா என்று சொல்லலாம், கோர்வை போடத் தெரிந்த பெரியவரை அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசவிடலாம்.

இப்படி ஒரு நிலையத்துக்காக நாலைந்து இளைஞர்கள் கூடிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். விண்ணப்பம், பணம், இடம் எல்லாம் இனிமேல்தான். முதலில் எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. கூட்டம் முடிந்ததும் தறிக்காரர்கள் ஐந்து நிமிடம் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குத் தறி ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, மத்தியானம் யார் உட்காருகிறார்கள், இரவில் ஓடுமா என்று எழுதிக்கொள்ள ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். பேச வேண்டாம் என்று நினைப்பவர்கள் நேரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். பெயர் தேவையில்லை.